வியா மக்வேதாவைச் சுற்றி உழைக்கும் உறவுகளுக்கு: பென்சன் என்பது இங்கே மணிக்கணக்கு



விடியற்காலையில் பலெர்மோ மத்திய புகையிரத நிலையத்தடியில் பஸ் பிடித்து வியா லிபெர்த்தா பக்கத்து மாடி வீடுகளுக்குப் போகிறவர்கள், குவாத்ரோ காந்தியைச் சுற்றி முளைத்துவிட்ட விடுதி அறைகளில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவர்கள், தெயாத்ரோ மாசிமோ வரை வரிசையாக இருக்கும் உணவகங்களின் குசினிகளில் கோப்பை கழுவுகிறவர்கள், முதியவர்களின் வீட்டிலேயே தங்கி இரவு பகலாகப் பார்க்கும் பதாந்தேமார், எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். 83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, 1990இல் மார்த்தெல்லி சட்டத்தோடு வதிவிடப் பேப்பர் எடுத்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். கடையடியிலும் கோயிலடியிலும் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எனக்குப் பென்சன் எவ்வளவு வரும்?"

கேட்கிறவர்களில் பலருடைய மனதில் இருப்பது ஊர்ப் பென்சன். அந்தப் பென்சன் வேறு, இங்கே எங்களுக்கு வரப்போவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் போனதால் எத்தனையோ பேர் தங்கள் முதுமைக்குச் சேரவேண்டியதை மாதம் மாதமாக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஊர்ப் பென்சனை நினைத்துப் பாருங்கள். ஆசிரியராக, எழுதுவினைஞராக, தபாலதிபராக இருந்தவருக்கு அரசாங்கம் ஒரு வாக்குக் கொடுத்தது. இத்தனை வருடம் வேலை செய்தால், கடைசியாக வாங்கிய சம்பளத்தில் இத்தனை வீதம் சாகும்வரை தருவேன் என்பது அந்த வாக்கு. அவர் காலமானபின் மனைவிக்கு விதவை அநாதைப் பென்சன். அதற்கும் முந்திய தலைமுறையில் மலாயாவுக்குப் போய், புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்களை யாழ்ப்பாணத்தில் மலாயன் பென்சனியர் என்றே அழைத்தார்கள். கடல் கடந்து வந்த அந்த மாதக் காசில் கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். அரசாங்க உத்தியோகத்துக்கு எங்கள் சனம் கொடுத்த மரியாதையில் பாதி அந்தப் பென்சனுக்குக் கொடுத்த மரியாதை. இந்த வகையில் எவ்வளவு வரும் என்பது முன்கூட்டியே தெரியும். அதற்கான காசை எங்கே தேடுவது என்பது கொடுப்பவருடைய பாடு. இதை வரையறுத்த பயன் திட்டம் என்பார்கள்.

அதே ஊரில் கடையிலோ கொம்பனியிலோ வேலை செய்தவருக்கு ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதி இருந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டம். வேலை செய்பவர் 8 வீதம், முதலாளி 12 வீதம். உள்ளே போன காசும் வட்டியும் ஆணுக்கு 55 வயதில், பெண்ணுக்கு 50 வயதில் மொத்தமாகக் கைக்கு வரும். என்ன போடுகிறோம் என்பதுதான் அங்கே நிச்சயம். என்ன வரும் என்பதை வட்டியும் விலைவாசியும் தீர்மானிக்கும். இது வரையறுத்த பங்களிப்புத் திட்டம். 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரு வருடத்தில் ஏறத்தாழ 70 வீதம் ஏறியது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்து அந்தக் காலத்தில் காசை எடுத்தவர்களின் நிலையை ஊரோடு கதைத்த எல்லோரும் அறிவீர்கள். மொத்தமாக வரும் காசுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மகளின் கலியாணம், வீட்டுக் கூரை, மகனின் பயணம் என்று இரண்டு வருடத்தில் அது கரைந்துவிடும். ஆயுளோ இன்னும் இருபத்தைந்து வருடம் இருக்கும்.

இத்தாலி இந்த இரண்டில் எது என்று கேட்டால், முதலாவதாக இருந்து இரண்டாவதாக மாறிய நாடு என்பேன். முன்பு இங்கேயும் ஒவ்வொரு வேலை வருடத்துக்கும் கடைசி வருடங்களின் சம்பளத்தில் 2 வீதம் என்று கணக்கிட்டார்கள். 40 வருடம் செய்தவருக்கு 80 வீதம். இதை ரெத்ரிபூத்திவோ என்பார்கள். 1995 ஓகஸ்ட் 8இல் லம்பெர்த்தோ தினி பிரதமராக இருந்தபோது வந்த 335ஆம் இலக்கச் சட்டம் இதை மாற்றியது. 1996 தை முதலாம் திகதிக்குப் பிறகு முதன்முதலாக வேலைக்குப் பதிந்தவர்களுக்கு முழுக்க கொந்திரிபூத்திவோ. அதாவது உங்கள் பெயரில் ஆண்டாண்டாகக் கட்டப்பட்டது எவ்வளவோ, அதற்கேற்ற பென்சன். 1995 முடிவில் 18 வருடம் சேர்த்திருந்தவர்கள் பழைய முறையில் தங்கினார்கள். அதற்குக் குறைவாகச் சேர்த்திருந்தவர்களுக்குப் ஒரு பகுதி அது, ஒரு பகுதி இது. பிறகு 2011 டிசெம்பரில் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, 2012 முதல் செய்யும் வேலைக்கு எல்லோருக்குமே புதிய கணக்கு என்று ஆக்கினார்கள். அதை அறிவித்த அமைச்சர் எல்சா ஃபொர்னேரோ, தியாகம் என்ற சொல்லை எடுத்தபோது செய்தியாளர் முன்னிலையிலேயே அழுதுவிட்டார். இங்கிருந்தவர்கள் ஆர்ஏஐ தொலைக்காட்சியில் அதைப் பார்த்திருப்பீர்கள்.

புதிய கணக்கு ஊர் ஈபிஎஃப் போலவே இருக்கிறதே என்று நினைக்கவேண்டாம். முக்கியமான வேறுபாடு இரண்டு. முதலாவது, பென்சன் காசை வாங்கிக் கொடுக்கும் அரச நிறுவனமான இன்ப்ஸில் உங்கள் பெயரில் ஒரு பெட்டிக்குள் காசு இல்லை. இன்று நீங்கள் கட்டுவது இன்றைய பென்சன்காரருக்குப் போய்விடுகிறது. உங்களுக்கு இருப்பது கணக்கில் எழுதிய எண். அந்த எண்ணை ஒவ்வொரு வருடமும் நாட்டின் பொருளாதாரம் முந்திய ஐந்து வருடத்தில் வளர்ந்த வீதத்தால் கூட்டுவார்கள். 2014இல் அந்த வீதம் பூச்சியத்துக்குக் கீழே போனபோது, சேர்த்தது குறையக்கூடாது என்று அடுத்த வருடமே சட்டம் போட்டார்கள். இரண்டாவது, அந்த எண் மொத்தமாகக் கைக்கு வராது. 67 வயதில் அதை ஒரு வீதத்தால் பெருக்கி, சாகும்வரை மாதப் பென்சனாக்குவார்கள். 2025, 2026ஆம் ஆண்டுகளுக்கு 67 வயதுக்கான வீதம் 5.608. உங்கள் கணக்கில் 80,000 யூரோ சேர்ந்திருந்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 4,486 யூரோ. பென்சன் வருடத்தில் 13 தரம் வருவதால் ஒரு தரத்துக்கு 345 யூரோ. நீங்கள் போய்விட்டால் கணவனுக்கோ மனைவிக்கோ அதில் 60 வீதம் தொடரும். சனம் நீண்டகாலம் வாழ வாழ இந்த வீதத்தைக் குறைப்பார்கள். 1995 சட்டம் வரும்போது 65 வயதிலேயே 6.136 ஆக இருந்தது.

பழையது நல்லது, புதியது அநியாயம் என்று இங்கே தொழிற்சங்கக் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. கடைசிச் சம்பளத்தைப் பார்க்கும் பென்சன், வயது போகப் போகச் சம்பளம் ஏறுகிறவருக்குத்தான் தங்கம். வங்கியில் எழுதுவினைஞராகச் சேர்ந்து முகாமையாளராக ஓய்வுபெறுகிறவர் அதில் லாபம் அடைவார். இருபத்தைந்து வயதில் வீடு துடைக்கத் தொடங்கி அறுபத்தைந்திலும் அதே சம்பளத்துக்கு அதே வீடு துடைக்கிற எங்கள் அக்காவுக்குக் கடைசிச் சம்பளம் என்று தனியாக ஒன்று இல்லை. அவருக்கு, கட்டியதற்கேற்ற பென்சன் என்ற முறை தன்னளவில் துரோகம் செய்யவில்லை.

ஆனால் பழைய முறையிடம் ஒரு இரக்கம் இருந்தது. தொடக்க வருடங்களில் குறைவாகப் பதிந்திருந்தாலும், கடைசி வருடங்கள் சரியாக இருந்தால் அது மன்னித்துவிடும். புதிய முறை எதையும் மன்னிக்காது. 1999இல் ஒரு வீட்டுக்காரர் பதியாமல் விட்ட மணிகள் 2027இல் உங்கள் பென்சனில் குறையும். எங்களுடைய உண்மையான துன்பம் இங்கேதான் இருக்கிறது.

இன்ப்ஸ் தரும் எஸ்த்ராத்தோ கொந்தோ என்ற கணக்குத் தாளை எடுத்துப் பாருங்கள். இடப்பக்கம் திகதிகள், நடுவில் வாரங்கள், பக்கத்தில் சம்பளம், வேலை தந்தவருடைய பெயர். வீட்டு வேலையில் ஒரு வாரம் முழு வாரமாக எழுதப்படுவதற்கு 24 மணிக்குக் காசு கட்டியிருக்கவேண்டும். ஒரு காலாண்டில் 13 வாரம். வாரத்துக்கு 12 மணி என்று மட்டும் பதிந்திருந்தால் மொத்தம் 156 மணி. 24ஆல் வகுத்தால் ஆறரை. நீங்கள் ஒரு நாளும் தவறாமல் போன அந்த மூன்று மாதத்தில் பாதியைத்தான் இன்ப்ஸ் கண்டிருக்கிறது. பென்சன் எடுக்கத் தேவையான 20 வருடத்துக்கு 1,040 வாரம் வேண்டும். அந்தக் கணக்கில் போனால் அதைச் சேர்க்க நாற்பது வருடத்துக்குக் கிட்டச் செல்லும். நான்கு வீட்டில் எட்டெட்டு மணி வேலை செய்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: எல்லா வீட்டு மணியும் ஒன்றாகக் கூட்டப்படும். ஆனால் நான்கும் பதிந்திருந்தால்தான் கூட்டலாம். ஒன்றைப் பதிந்து மூன்றைக் கையில் வாங்கினால் எட்டு மணிதான் உங்கள் வாரம்.

தங்கி வேலை செய்யும் பதாந்தேமாருக்கு வேறொரு பொறி. ஒப்பந்தத்தில் 25 மணி என்று எழுதுவார்கள். செய்வது 54 மணி. ஏன் 25? வாரம் 24 மணியைத் தாண்டினால் மணிக்குக் கட்டும் தொகை குறைகிறது. சொஜ்ஜோர்னோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கவும் அது போதுமாக இருக்கும். வாரங்கள் 52 என்று முழுதாகத் தெரியும். அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நம்புகிறோம். உரிமைக்கு வாரம் சரி. ஆனால் தொகையைத் தீர்மானிப்பது வாரம் அல்ல, கட்டிய மணி. 25 மணிக்குக் கட்டியவருக்கு, 54 மணிக்குக் கட்டியிருந்தால் வரக்கூடிய பென்சனில் பாதியும் வராது. 2025இல் இந்த வகைக்கு மணிக்கு 1.22 யூரோ. அதில் எங்கள் பங்கு 0.31 மட்டுமே; மிகுதி வீட்டுக்காரருடையது. வாரம் 29 மணியை மறைத்தால் வருடத்துக்கு 1,800 யூரோவுக்கு மேல் கட்டப்படாமல் போகிறது. அதில் முக்கால் பங்கு எங்கள் சட்டைப்பையிலிருந்து போகவேண்டிய காசு அல்ல. வீட்டுக்காரர் தரவேண்டியதை நாங்கள் அவருக்கே விட்டுக்கொடுக்கிறோம்.

குறைத்துப் பதியச் சொல்லிக் கேட்பவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். வருமானம் குறைவாகத் தெரிந்தால் வரி வராது, பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம் குறையும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். முப்பது வயதில் அது லாபமாகத் தெரியும். வீட்டுச் செலவும் ஊருக்கு அனுப்பும் காசும் கழுத்தை நெரிக்கும்போது எடுக்கும் முடிவு என்பதால் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த லாபத்தின் விலையை அறுபத்தேழு வயதில், முழங்கால் நோவோடு, நீங்களேதான் கட்டவேண்டும்.

விட்டதைத் திரும்பப் பிடிக்கக் காலம் உண்டு, ஆனால் அது குறுகியது. கட்டாமல் விட்ட கொந்திரிபூத்தி, அதாவது பென்சன் பங்களிப்பு, ஐந்து வருடத்தில் காலாவதியாகிவிடும். அதன்பிறகு வீட்டுக்காரரே மனமிரங்கிக் கட்டவந்தாலும் இன்ப்ஸ் வழமையான முறையில் அதை வாங்காது. வீட்டு வேலைக்காரருக்கான காசு வருடத்தில் நான்கு தரம், சித்திரை, ஆடி, ஐப்பசி, தை மாதங்களில் 10ஆம் திகதிக்குள் கட்டப்படவேண்டும். கட்டிய ரசீதின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சிஞ்ஞோரா நல்லவ, பிள்ளைபோல் பார்க்கிறா, எப்படிக் கேட்பது என்கிறீர்கள். நல்லவவாக இருந்தால் கேட்பதில் அவவுக்கும் மனத்தாங்கல் வராது. அவ இறந்த பிறகு அவவின் பிள்ளைகளிடம் கேட்டு வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள்.

இனி லிக்விதாசியோனே. வருடச் சம்பளத்தை 13.5ஆல் வகுத்து, வேலை விடும்போது தருவதற்காக வேலை தருபவர் ஒதுக்கிவைக்கவேண்டிய காசு. இதற்கு ஒவ்வொரு வருடமும் ஒன்றரை வீதமும், விலைவாசி ஏற்றத்தின் முக்கால் பங்கும் கூட்டப்படும். 2022இல் விலைவாசி பாய்ந்தபோது அது ஏறத்தாழ 10 வீதமாக வந்தது. அந்த வருடம் பத்திரமான இடத்தில் வைத்து இவ்வளவு தந்த வங்கி எதுவும் இல்லை. எங்கள் ஆட்களில் பலர் மார்கழி வந்தால் 70 வீதத்தை முற்பணமாக வாங்கி, நத்தார்ச் செலவுக்கோ சீட்டுக் காசுக்கோ முடித்துவிடுகிறார்கள். வீட்டு வேலை ஒப்பந்தம் அதற்கு இடம்தருகிறது. அவசரத்துக்கு எடுங்கள். பழக்கத்துக்கு எடுக்காதீர்கள்.

உணவகத்திலும் ஹொட்டலிலும் கடையிலும் வேலை செய்கிற தம்பிமாருக்கு இதில் இன்னொரு வழி இருக்கிறது. 2007இலிருந்து, புதிதாகச் சேர்ந்தவர் குறித்த காலத்துக்குள் எதுவும் சொல்லாவிட்டால் லிக்விதாசியோனே ஒரு பென்சன் நிதிக்குப் போய்விடும். வர்த்தகம், உல்லாசப் பயணத் துறைக்கு ஃபொன்தே என்ற நிதி. இதுதான் அசல் பங்களிப்புத் திட்டம்: காசு உண்மையாகவே சந்தையில் முதலிடப்படும், ஏறும், இறங்கும். நீங்களும் மாதம் சிறிது போட்டால் முதலாளியும் தன் பங்கைப் போடவேண்டும். போடாவிட்டால் அவர் பங்கும் இல்லை. எட்டு வருடம் சென்றபின் முதல் வீடு வாங்க 75 வீதம்வரை எடுக்கலாம். வேலைக்குச் சேரும்போது நீட்டும் கடதாசிகளில் இதைப் பற்றியதும் ஒன்று. வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

அடுத்தது ஊருக்குப் போகிற கதை. இருபது வருடம் நிரம்பவில்லை, ஆகவே கட்டியதெல்லாம் போச்சு என்று நினைத்துப் பேசாமல் விமானம் ஏறியவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிப் போகவேண்டாம். 1998ஆம் ஆண்டு 286ஆம் இலக்கக் குடிவரவுச் சட்டத்தின் 22ஆவது பிரிவு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டவர் நாடு திரும்பினால் சேர்த்த பென்சன் உரிமை அவரோடேயே இருக்கும் என்கிறது. அவருடைய நாட்டோடு இத்தாலிக்கு ஒப்பந்தம் இருக்கவேண்டும் என்று அது கேட்கவில்லை. இலங்கையோடு அப்படி ஒப்பந்தம் இல்லாததால் இந்த வரி எங்களுக்கு உயிர்நாடி. 1996க்குப் பிறகு முதன்முதலாகப் பதிந்தவர், ஊரிலிருந்தாலும் 67 வயதில், 20 வருடம் இல்லாவிட்டாலும், சேர்த்ததற்கேற்ற பென்சனைக் கேட்கலாம். பத்து வருடத்துக்கு வருவது சிறிய தொகைதான். ஆனால் சாகும்வரை மாதம் மாதம் யூரோவில் வரும். வருடா வருடம் உயிரோடு இருக்கிறேன் என்று அத்தாட்சி அனுப்பவேண்டும். அதைத் தவறவிட்டால் காசு நிற்கும். முன்பு கட்டிய காசை மொத்தமாகத் திருப்பி வாங்கிக்கொண்டு போகலாம் என்று இருந்தது. 2002இல் பொஸ்ஸி-ஃபீனி சட்டம் அதை நிறுத்திவிட்டது. இன்னும் அதை நம்பி இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

1990க்கும் 1995க்கும் இடையில் பதிந்தவர்கள் கவனமாக இருக்கவேண்டும். அந்தக் காலத்தில் ஒரு வாரமாவது உங்கள் தாளில் இருந்தால் நீங்கள் கலப்புக் கணக்கில் வருவீர்கள். இங்கே இருந்து 20 வருடத்தோடு பென்சன் எடுத்தால் அது பெரிய உதவி: வருமான எல்லைக்குள் இருந்தால் குறைந்தபட்சத் தொகைவரை, 2025 கணக்கில் 603 யூரோவரை, கூட்டித் தருவார்கள். 96க்குப் பிறகு மட்டும் பதிந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் இங்கேயே 67இல் பென்சன் எடுப்பதற்கு 20 வருடத்தோடு, பென்சன் தொகை முதியோர் சமூக உதவித்தொகையை எட்டியிருக்கவும் வேண்டும்; 2025இல் அது 538 யூரோ சொச்சம். எட்டாவிட்டால் 71 வயதுவரை காத்திருக்கவேண்டும். மறுபக்கம், 96க்கு முந்திய வாரம் உள்ளவர் ஊருக்குப் போனால் 20 வருடம் கட்டாயம் வேண்டும். மேலே சொன்ன விலக்கு அவருக்கு இல்லை. 18 வருடத்தில் இருக்கிறவர் அவசரப்பட்டு ரிக்கற் போடுவதற்குமுன் ஒருமுறை இருந்து எண்ணிப்பார்க்கவேண்டும். இத்தாலியப் பாஸ்போர்ட் எடுத்தவர்களும் அப்படியே. அந்த 22ஆவது பிரிவு வெளிநாட்டவருக்காக எழுதப்பட்டது.

பென்சன் போதாதவருக்கு அந்தச் சமூக உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். உண்மை. ஆனால் அதற்குப் பத்து வருடத் தொடர் வதிவும் நீண்டகால சொஜ்ஜோர்னோவும் வேண்டும். 29 நாளுக்குமேல் நாட்டுக்கு வெளியே நின்றால் நிறுத்துவார்கள். ஊரில் தங்க அது உதவாது. உழைத்துக் கட்டிய பென்சன் உங்களைப் பின்தொடர்ந்து வரும், உதவித்தொகை வராது.

குடியுரிமை எடுத்து லண்டனுக்குப் போன பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பலெர்மோவில் கட்டிய வருடங்கள் அழிந்துபோகவில்லை. அங்குள்ள வருடங்களோடு சேர்த்து எண்ண வழி இருக்கிறது. பிரெக்சிற்றுக்குப் பிந்திய ஒப்பந்தத்திலும் அது தொடர்கிறது. அங்கே 2012இலிருந்து முதலாளிமார் வேலை செய்பவரைத் தாமாகவே பென்சனில் சேர்க்கவேண்டும்: ஆகக்குறைந்தது 8 வீதம், அதில் 3 முதலாளியுடையது. கையில் கூடவரும் என்று அதிலிருந்து விலகினால் அந்த 3 வீதத்தையும் எறிகிறீர்கள். அங்குள்ள அரச சுகாதார சேவையான என்எச்எஸ் வைத்தியசாலையில் வேலை கிடைத்தவர்களுக்கு இன்றும் பழைய வகை வாக்குறுதிப் பென்சன் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் சம்பளத்தில் 54இல் ஒரு பங்கு சேரும். சம்பளத்தை மட்டும் பார்த்து அந்த வேலையை விடாதீர்கள். வாக்குறுதிப் பென்சனுக்கும் பங்களிப்புப் பென்சனுக்கும் நடுவே அரசுகளே இன்னும் தடுமாறுகின்றன. தமிழ்நாட்டு அரசு 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்தவர்களைப் பங்களிப்புத் திட்டத்துக்கு மாற்றியது. ஊழியர்கள் இருபது வருடத்துக்குமேல் போராடினார்கள். இந்திய நடுவண் அரசு 2025 ஏப்ரலில், 25 வருடம் செய்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி என்று உறுதி தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. சங்கமாக நின்றவர்கள் எதையோ மீட்டார்கள். வீட்டுக்கு ஒருவராகப் பிரிந்து வேலை செய்யும் எங்களுக்காகத் தெருவில் இறங்க யாரும் இல்லை. எங்கள் தாளை நாங்கள்தான் பார்க்கவேண்டும்.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். ஸ்பீத் என்ற இணைய அடையாளம் உள்ளவர்கள் இன்றிரவே இன்ப்ஸ் பக்கத்தைத் திறந்து எஸ்த்ராத்தோ கொந்தோவை இறக்குங்கள். இல்லாதவர்கள் இன்கா, இனாஸ், இதால், அக்லி என்று எந்த பத்ரோனாத்தோ உதவி அலுவலகத்துக்காவது போங்கள்.  மொழி தெரிந்த பிள்ளைகள் ஒரு பின்னேரத்தை அம்மா அப்பாவுக்காக ஒதுக்கி, வருடம் வருடமாக, வீடு வீடாக ஒத்துப்பாருங்கள். முதலில் கடைசி ஐந்து வருடத்தைப் பாருங்கள். விடுபட்டதை இன்னும் கேட்டு வாங்கக்கூடியது அதற்குள்தான். புதிய வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது செய்யும் மணியை அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தா ரொசாலியாவிடம் மொந்தே பெல்லெகிரீனோ ஏறுகிறவர்கள், கோயிலில் கூடுகிறவர்கள், தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள், மாதத்தில் ஒருநாள் ஒரு மேசை போட்டு இந்தத் தாள்களைப் பார்த்துக்கொடுங்கள். அறுபதைத் தொட்டவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி